வெள்ளத்தப்போ கொடுத்தவங்க இப்போ பதிலே போடலை: உதவி தேவை

ஆத்தங்கரை:
வணக்கம். கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையோர ஊர்ல மாலைநேர டியூஷன் மையம் நடத்துறோம். பதிவு செஞ்ச டிரஸ்ட், எங்களுக்கு வரி விலக்குக்கான 12ஏ, கொடுக்கறவங்களுக்கு வரிக் கழிவுக்கான 80ஜி ரெண்டும் இருக்கு. 2024 ஃபெஞ்சல் புயலப்போ ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்ததும் ஃபேஸ்புக்ல ஒரு பதிவு போட்டோம். யார் யாரோ பகிர்ந்து, நினைச்சதுக்கு மேலயே பணம் வந்தது. அரிசி, பாய், நோட்டு எல்லாம் கொடுத்தாச்சு, கொஞ்சம் மிச்சமும் இருக்கு.

இப்போ டீச்சர் சம்பளத்துக்கு இழுபறி. கொடுத்த அதே ஆட்களுக்கு வாட்ஸாப் பிராட்காஸ்ட் அனுப்பினா பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்தவங்ககிட்ட இருந்தும் பதில் இல்லை. ஃபேஸ்புக்ல லைக் மட்டும் விழுது. காசு கட்டி பூஸ்ட் பண்ணலாமா, ரீல் போடலாமா? மிச்சப் பணத்தைச் சம்பளத்துக்கு எடுத்துக்கலாமா?

இன்னொண்ணு: பிரான்ஸ்ல இருக்கற பாண்டிக்காரர் ஒருத்தர் மாசாமாசம் அனுப்புறேன், அக்கவுண்ட் நம்பர் கொடுங்கன்னு கேட்கறார். கொடுத்துடலாம்ல?

செல்பேசி_வைத்தியர்:
பிராட்காஸ்ட் விஷயம் எளிசு. உங்க நம்பரை யார் தன் போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்காங்களோ அவங்களுக்கு மட்டும்தான் போகும். ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும்தான். ஜிபே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினவங்க உங்க நம்பரை எதுக்கு சேவ் பண்ணப் போறாங்க? தனித்தனியா அனுப்புங்க. அதுக்காக ஒரே வாசகத்தை நூறு பேருக்கு ஒட்டி ஒட்டி அனுப்பாதீங்க, நம்பரை முடக்கிடுவாங்க.

பேரேடு:
அக்கவுண்ட் நம்பர் கொடுக்கறதுக்கு முன்னாடி, அவர் கையில எந்த நாட்டு பாஸ்போர்ட்னு கேளுங்க. இந்திய பாஸ்போர்ட்னா, எந்த நாட்டுல சம்பாதிச்சாலும் பிரச்சினை இல்லை, பாஸ்போர்ட் நகல் வாங்கி ஃபைல்ல வைங்க. பிரெஞ்சுக் குடியுரிமைன்னா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் கொடுக்கறது) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாம ஒரு யூரோ வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குக்குத்தான் முதல்ல வரணும்.

நம்ம பக்கத்துல இதுல ஒரு சிக்கல். பாண்டியில சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க குடும்பங்கள் நிறைய. முத்தியால்பேட்டையிலயே வீடு கட்டி இருக்கறவர்கூட பிரெஞ்சுப் பிரஜையா இருப்பார். அவர் இங்கே நின்னு ரூபாயில கொடுத்தாலும் சட்டம் அதேதான். "தம்பி பேர்ல போட்டு விடறேன்"னு சொன்னாலும் வேண்டாம்.

முன்னாள்_களப்பணி:
பூஸ்ட், ரீல் எல்லாம் தள்ளி வைங்க. வெள்ளத்துக்கு அப்புறம் கொடுத்தவங்களுக்கு என்ன அனுப்பினீங்க?

ஆத்தங்கரை:
நன்றின்னு ஒரு போஸ்டர், குரூப் போட்டோவோட. அடுத்து போன மாசம் இந்தச் சம்பள மெசேஜ்.

முன்னாள்_களப்பணி:
அதான். மொய் எழுதினவனுக்குக்கூட தாம்பூலப் பை கிடைக்கும். இங்கே போஸ்டரோட முடிஞ்சுபோச்சு. பணம் என்ன ஆச்சுன்னு தெரியாதவன்கிட்ட மறுபடி கை நீட்டினா பதில் வராது, கோவத்துல இல்லை, ஞாபகமே இருக்காது.

உங்ககிட்ட நல்ல சாக்கு ஒண்ணு இருக்கு: அந்த மிச்சப் பணம். வெள்ளத்துக்குன்னு வாங்கினதைக் கேட்காம சம்பளத்துக்குத் திருப்பாதீங்க. கேளுங்க. நான் எழுதினா இப்படி இருக்கும்:

"வணக்கம் அக்கா, வெள்ளத்தப்போ பணம் அனுப்பினீங்களே, அந்த டியூஷன் மையத்துல இருந்து பேசறேன். அரிசியும் பாயும் வாங்கிக் கொடுத்துட்டோம், பில் இத்தோட இருக்கு. வாங்கினது போக இவ்ளோ மிச்சம். அதை டீச்சர் சம்பளத்துக்கு வெச்சுக்கலாமா, இல்லை அடுத்த மழைக்குன்னு தனியா வைக்கட்டுமா? நீங்க சொல்றபடி."

தொகையைத் தெளிவாப் போடுங்க. இந்த மெசேஜ்ல புதுசா எதுவும் கேட்கவே கூடாது. பேர் சொல்லித்தான் கூப்பிடணும். "அன்பார்ந்த நன்கொடையாளர்களே" வேண்டாம், பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி மாதிரி இருக்கும். ஐம்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு மெசேஜைவிட போன் நல்லது, காலையில வேண்டாம், சாயங்காலம்.

ஃபேஸ்புக்ல வரவு செலவுக் கணக்கைப் போட்டு, உங்க பக்கத்தோட உச்சியில பின் பண்ணி வைங்க. புதுசா வர்றவன் முதல்ல அதைத்தான் பார்க்கணும்.

பேரேடு:
ஒண்ணு விட்டுட்டேன். நிதியாண்டு முடிஞ்சு மே 31க்குள்ள யார் யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு வருமான வரித் துறைக்கு 10பிடி படிவம் தாக்கல் பண்ணி, ஒவ்வொருத்தருக்கும் 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் அனுப்பணும். அது இல்லாம அவங்களுக்கு 80ஜி கழிவு கிடைக்காது. தாமதமானா நாளுக்கு 200 ரூபாய் கட்டணும். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தவங்களுக்கும், அரிசி மூட்டையா கொடுத்தவங்களுக்கும் அந்தக் கழிவு கிடையாதுன்னு இப்பவே சொல்லிடுங்க. இல்லைன்னா ஜூலையில வரிக் கணக்கு தாக்கல் பண்றப்போ போன் பண்ணிச் சண்டை போடுவாங்க.

தேவனாம்பட்டினம்:
குரூப் போட்டோன்னு படிச்சதும் கேட்கத் தோணுச்சு. பசங்க முகம் தெரியுதா? காப்பகத்துல இருக்கற மாதிரி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படற குழந்தைங்க அடையாளத்தை வெளியிடறதைச் சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவு தடுக்குது: ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்லை ரெண்டுமே. உங்களது டியூஷன்தான், இருந்தாலும் "வெள்ளத்துல எல்லாம் போன பையன்"னு வகுப்புல நாளைக்குக் கிண்டல் பண்ணுவாங்க. நோட்டு, கை, பலகை போதும்.

ஆத்தங்கரை:
போட்டோவை எடுத்துட்டேன். பிரான்ஸ்காரர்கிட்ட கேட்டாச்சு, பிரெஞ்சு பாஸ்போர்ட்தான், வேண்டாம்னு விளக்கிச் சொன்னதும் புரிஞ்சுக்கிட்டார். போன் போட ஆரம்பிச்சிருக்கேன், நிறைய பேர் சம்பளத்துக்கே வெச்சுக்கோங்கன்னாங்க. நெய்வேலி அக்கா ஒருத்தங்க மட்டும், டீச்சர் சம்பளம் வேண்டாம், கழிப்பறைக்குக் கதவு போடுங்கன்னு பிடிவாதம். என்ன பண்றது?

முன்னாள்_களப்பணி:
அவங்க கொடுத்த அளவுக்குக் கதவு வருதான்னு கார்பெண்டர்கிட்ட கேளுங்க. வந்தா போட்டு, போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்புங்க. வரலைன்னா எவ்வளவு குறையுதுன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க.