வீட்டில் ஏற்கெனவே 3 பூனை. ரெஸ்க்யூ குட்டிகள் இரண்டை ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாமா?

பால்கனி_பூனை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சென்னை முகலிவாக்கத்துல 2 பெட்ரூம் வாடகை வீடு, இரண்டாவது மாடி. 3 பூனை இருக்கு: 5 வயசு ஆண் ஒண்ணு, 3 வயசுப் பெண் ரெண்டு. மூணுக்கும் கருத்தடை ஆயிடுச்சு, வெளியே விடறதில்ல. தடுப்பூசி குட்டியா இருந்தப்ப போட்டதோட சரி, பூஸ்டர் விட்டுப்போச்சு. பெண்ல ஒண்ணு ரொம்ப பயந்த சுபாவம். வீட்டுக்கு ஆள் வந்தாலே கட்டிலுக்கு அடியில போயிடும், சில நேரம் மெத்தையில மூத்திரம் போயிடும்.

ஏரியாவுல ரெஸ்க்யூ பண்ற ஒருத்தர் 6 வாரக் குட்டி ரெண்டை ஒரு மாசத்துக்கு வச்சுக்க முடியுமான்னு கேக்கறாங்க. தாய் இல்ல, தானா சாப்பிடுதாம். பெட்ரூமை ஒட்டின பாத்ரூம் ஒண்ணை முழுசா ஒதுக்க முடியும். எத்தனை நாள் தனியா வைக்கணும், என்ன டெஸ்ட் எடுக்கணும், லிட்டர் பாக்ஸ் (மணல் ட்ரே) எத்தனை வேணும்? பழைய பூனைங்களுக்கு இது கஷ்டமா இருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மியாவ்மாமா:

முதல்ல உங்க மூணுக்கும் பூஸ்டர் போடுங்க. குட்டிகளுக்கு சரின்னு சொல்றது அப்புறம். குட்டியில முழு கோர்ஸ் போட்டிருந்தா இப்போ ட்ரைகேட் (மூணு நோய்க்கும் சேர்த்துப் போடற பூனைத் தடுப்பூசி) ஒரு டோஸ் போதும். போட்டு 10 நாளாவது கழிச்சு குட்டிகளைக் கொண்டு வாங்க. ரெஸ்க்யூ பண்றவங்க "இன்னிக்கே இடம் வேணும்"னு அவசரப்படுத்துவாங்க. அந்த அவசரத்துக்கு உங்க பூனைங்க விலை கொடுக்க வேண்டாம்.

காரணம் பான்லூகோபீனியா, பூனை உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய். நாய்க்கு வர்ற பார்வோவோட நெருங்கின சொந்தம் இது. தொற்றினா பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள தெரிஞ்சிடும், சிலதுக்கு 14 நாள் வரைக்கும் போகும். அதனாலதான் குட்டிகளைத் தனியா வைக்கற காலம் 14 நாள். 10 நாள்ல "நல்லாத்தானே விளையாடுது"ன்னு கதவைத் திறந்துடாதீங்க. குட்டி தண்ணிக் கிண்ணத்து மேல தலையைத் தொங்கப் போட்டுட்டு குடிக்காம உட்கார்ந்திருந்தா, வாந்தி எடுத்தா, ஒரு வேளை சாப்பாட்டை மொத்தமா விட்டா, அன்னிக்கே டாக்டர். இந்த வயசுல ஒரே நாள்ல கை மீறிடும். க்ளினிக்ல நாய் பார்வோ டெஸ்ட் கிட் இருந்தா அதுலயே பூனை மலத்தையும் பார்க்கலாம், வேலை செய்யும். ஆனா சமீபத்துல தடுப்பூசி போட்டிருந்தா லேசா ஒரு கோடு வரலாம்னு டாக்டர்கிட்ட ஞாபகப்படுத்துங்க.

கடைசி ஒரு வருஷத்துல உங்க வீட்ல பூனை ஏதாவது இந்த நோய்ல செத்திருந்தா, தடுப்பூசி போடாத குட்டியை உள்ளேயே சேர்க்கக் கூடாது. கிருமி அவ்வளவு நாள் தரையிலயும் துணியிலயும் இருக்கும். வாடகை வீடுங்கறதால முன்னாடி இருந்தவங்க பூனை வச்சிருந்தாங்களான்னும் கேட்டுப் பாருங்க.

தரைக்கு தினமும் டெட்டால் போட்டுத் துடைச்சிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

---

கருவாட்டுக்கிண்ணம்:

மாமா சொன்னதுல கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க. டெட்டால், ஃபினாயில் ரெண்டுமே பூனைக்கு ஆகாது. ஃபீனால் வகை ரசாயனத்தை பூனையோட கல்லீரலால சரியா உடைச்சு வெளியேத்த முடியாது. பாதத்துல ஒட்டினதை நக்கியே உள்ளே போயிடும். போதாததுக்கு பார்வோ வகைக் கிருமி டெட்டாலுக்கும் சாகாது, கைக்குப் போடற சானிடைசருக்கும் சாகாது.

பிளீச்தான் வழி. பாட்டில்ல சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம்னு இருந்தா 1 லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி. மலத்தை அள்ளி, சோப்புத் தண்ணியால நல்லாக் கழுவி, அதுக்கப்புறம் பிளீச் தண்ணியை ஊத்தி 10 நிமிஷம் ஈரமாவே விடணும். அப்புறம் அலசிக் காய வைங்க. அழுக்கு மேலேயே ஊத்தினா பிளீச் அழுக்கோட மோதித் தீர்ந்துபோகும், கிருமி அப்படியே இருக்கும். மூத்திரத்து மேல நேரா ஊத்தினா அமோனியாவோட சேர்ந்து மூச்சை அடைக்கற வாயு வரும், கழுவாம ஊத்தவே ஊத்தாதீங்க. கரைசலை தினமும் புதுசா கலக்குங்க, நேத்து கலந்ததுல வீரியம் இருக்காது. இந்த வேலை நடக்கும்போது குட்டிங்க கூடையில, கதவுக்கு வெளியே பெட்ரூம்ல இருக்கட்டும்.

நம்ம ஊர் பாத்ரூம்ல கவனிக்க வேண்டியது தனியா இருக்கு. வாளியில தண்ணி நிறைச்சு வைக்கற பழக்கத்தை ஒரு மாசம் விடுங்க. 6 வாரக் குட்டி விளிம்புல ஏறி உள்ளே விழுந்தா வெளியே வர முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட் மூடி எப்பவும் மூடியே இருக்கணும். தரை ஜாலி கழண்டு வருமான்னு பாருங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை பெருசா இருந்தா கம்பி வலை அடிங்க. கதவுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற இடுக்கை பழைய துண்டை மடிச்சு அடைங்க, அது வழியாத்தான் ரெண்டு பக்கமும் கையை விட்டு விளையாடும். டைல்ஸ் மேல கனமான மிதியடி, அதுக்கு மேல அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டி நல்லது, அசிங்கமானா தூக்கிப் போட்டுடலாம்.

உள்ளே போக ஒரு பழைய நைட்டியும் ஒரு ஜோடி செருப்பும் கதவுகிட்டயே கிடக்கட்டும். காலையில உங்க பூனைங்களுக்கு சாப்பாடு, லிட்டர் எல்லாம் முடிச்சிட்டு குட்டிகளைக் கடைசியாப் பாருங்க. வரிசை மாறக் கூடாது.

---

வேப்பேரி_ஓபி:

முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அருகிலுள்ள தனியார் க்ளினிக்கோ, எங்கே போனாலும் கூடையைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்திருங்கள், மேலே துணி போட்டு மூடுங்கள். காத்திருக்கும் இடத்தில்தான் பார்வோ நாய்களும் இருக்கும்.

குடற்புழுவுக்கு பைரன்டெல், எடை பார்த்து டாக்டர் அளவு சொல்வார், இரண்டு வாரம் கழித்து மறுபடியும். மலத்தில் அரிசி மணி போல ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழு. அதற்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். நாடாப்புழு தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளை விட்டுவிட்டுப் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மூன்று வாரத்தில் திரும்பி வந்து நிற்கும். கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றை 8 வாரத்துக்குக் கீழ் பயன்படுத்த முடியாது. அதுவரை தெள்ளுச் சீப்பும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும்தான். நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடர், ஷாம்பு, சொட்டு எதையும் தொடாதீர்கள்: அவற்றில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து செத்தே போகும். தெள்ளு அதிகமுள்ள குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் இரத்தசோகை முற்றிவிட்டது என்று அர்த்தம், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

காதில் காப்பித்தூள் போல் கறுப்பாக இருந்தால் காதுப் பேன். முடி வட்டமாக உதிர்ந்திருந்தால், குறிப்பாகக் காது நுனியிலும் மூக்கின் மேலும், படர்தாமரை. வுட்ஸ் விளக்கில் (டாக்டரிடம் இருக்கும் புறஊதா விளக்கு) பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஒளிரவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. இது உங்களுக்கும் ஒட்டும், உங்கள் மூன்று பூனைக்கும் ஒட்டும், துணியில் மாதக்கணக்கில் இருக்கும். படர்தாமரை உறுதியானால் ஒரு மாதத் திட்டம் மூன்று மாதமாகும் என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

தும்மலோடு கண் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான சலைனில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தை விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால், ஹெர்ப்பிஸ் கிருமியால் கருவிழியில் ஏற்கெனவே இருக்கும் புண் ஆழமாகிக் கண்ணே போகும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், விழுங்கிய உடனே சிரிஞ்சில் சில மில்லி தண்ணீர் கொடுங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அங்கே புண்ணாகிச் சுருங்கிவிடும்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியைச் செல்லாமல் ஆக்கிவிடலாம், அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவே முதல் ஊசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். லூகீமியா–எஃப்ஐவி (பூனைகளுக்கு வரும் இரண்டு வைரஸ் நோய்கள்) கிட் டெஸ்டில், 6 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு எஃப்ஐவி பாசிட்டிவ் வந்தால் அது தாயின் ஆன்டிபாடியாக இருக்கலாம், பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். லூகீமியா பாசிட்டிவ் என்றால் உறுதிப்படுத்தும் வரை உங்கள் பூனைகளோடு சேர்க்கவே வேண்டாம்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். தினம் ஒரே நேரத்தில் எடை. இந்த வயதில் 600 முதல் 700 கிராம் இருக்கும், வாரம் 100 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள், இறங்கினால் கூப்பிடுங்கள். நாளைக்கு 4 வேளை குட்டிப் பூனை உணவு, ஈரமாகவோ ஊறவைத்தோ. பசும்பால் வயிற்றைக் கலக்கும். தயிர்சாதத்தில் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து போதுமான அளவு கிடையாது.

---

நாலாவது_ட்ரே:

பழைய பூனைகளைப் பத்தி யாரும் பேசல. உங்க பயந்தாங்கொள்ளி மெத்தையில போறதை முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. சிறுநீர்ப்பை அழற்சி மன அழுத்தத்துல கிளம்பும், புது வாசனை வீட்டுக்குள்ள வந்தா அதிகமாகும். அது சரியாகற வரைக்கும் குட்டிகளை எடுக்க வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஆண் பூனையையும் பாருங்க. ட்ரேயில திரும்பத் திரும்பப் போய் முக்கியும் மூத்திரம் சொட்டுக்கூட வரலேன்னா மூத்திரக் குழாய் அடைப்பு. மலச்சிக்கல்னு நினைச்சு விளக்கெண்ணெய் தேடாதீங்க, ராத்திரியா இருந்தாலும் கிளம்புங்க. பெரிய பூனை எதுவானாலும் ரெண்டு நாள் முழுசா சாப்பிடாம இருந்தா கல்லீரல்ல கொழுப்பு படிய ஆரம்பிச்சிடும். கோபத்துல இருக்கு, பசிச்சா சாப்பிடும்னு விடக் கூடாது.

3 பூனைக்கு 4 ட்ரே. பால்கனியில நாலையும் வரிசையா அடுக்கினா பூனை கணக்குல அது ஒண்ணுதான். வாசலை ஒரு பூனை மறிச்சிட்டா மத்தது போக வழி இல்ல. வெவ்வேறு அறை, ரெண்டு பக்கம் தப்பிக்க வழி. கடையில விக்கற பூனை ட்ரே பெரும்பாலும் சின்னது. கட்டிலுக்கு அடியில தள்ற பிளாஸ்டிக் பெட்டி, 60க்கு 40 சென்டிமீட்டர், அதுவே நல்லது. குட்டிகளுக்குத் தனி ட்ரே, தனி அள்ளுகரண்டி. கட்டியாகற பென்டோனைட் மணல் அதுங்களுக்கு வேண்டாம், வாயில போட்டுக்கும். மரத்தூள் பெல்லட்டோ கிழிச்ச நியூஸ்பேப்பரோ போதும்.

ஒரு மாசத்துல கிளம்பற குட்டிகளை உங்க பூனைங்களோட பழக்க வேண்டிய அவசியமே இல்ல. கதவு மூடியே இருக்கட்டும்.

---

பால்கனி_பூனை:

ரொம்ப நன்றி. பூஸ்டருக்கு நாளைக்கே போறேன், அவளையும் காட்டிடறேன். ரெண்டு சந்தேகம். ஒரு மாசம் பாத்ரூம்லயே இருந்தா குட்டிங்க மனுஷங்களுக்குப் பழகாம போயிடாதா? அப்புறம், பிறாண்டினா எனக்கு ரேபிஸ் ஊசி வேணுமா?

---

கருவாட்டுக்கிண்ணம்:

பழகறதுக்கு மனுஷங்கதான் வேணும், ஹால் வேணும்னு இல்ல. 7 வாரம் வரைக்கும் சுலபமாப் பழகும், அதுக்கப்புறம் பழக்கலாம், ஆனா பொறுமை வேணும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அரை மணி நேரம், உள்ளே போய்த் தரையில உட்காருங்க. ஈர உணவை விரல்ல வச்சுக் கொடுங்க. உங்களைத் தவிர இன்னொருத்தரும் தூக்கணும், இல்லேன்னா ஒரே ஆளுக்குப் பழகிட்டுத் தத்து போற வீட்ல சோபாவுக்கு அடியிலயே கிடக்கும். நகம் வெட்டறது, வாயைத் திறக்கறது, கூடைக்குள்ள போறது எல்லாம் இப்பவே பழக்குங்க.

நாலாவது_ட்ரே சொன்னதுல எனக்கு ஒரு சின்ன மாறுபாடு. 14 நாள் முடிஞ்சு, ஊசி போட்டு, மலமும் சரியா இருந்தா, அந்த சாந்தமான பெண் பூனையை மட்டும் வலைக்கதவு வழியாக் காட்டலாம். பெரிய பூனையைப் பார்த்த குட்டி பூனை இருக்கற வீட்டுக்குத் தத்து போகச் சுலபம். ஒரு பக்கம் அவ சாப்பாடு, இன்னொரு பக்கம் குட்டிங்க சாப்பாடு, 5 நிமிஷம். சீறினா கிண்ணத்தைத் தள்ளி வைங்க, திட்டாதீங்க. பயந்தவளுக்கு இது எதுவும் வேண்டாம்.

ரேபிஸ் விஷயத்துல யோசிக்கவே வேண்டாம். தோல் கீறற மாதிரி பிறாண்டினாலோ (இரத்தம் வரலேன்னாலும்) கடிச்சாலோ ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையம் போங்க, ஊசி இலவசம். தோலுக்குள்ள போடறது 0, 3, 7, 28ஆம் நாள். இரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் (உடனடி எதிர்ப்புச் சக்தி தர்ற ஊசி) போடணும். 10 நாள் குட்டியைக் கவனிக்கறது சரி, ஆனா அது முடியட்டும்னு முதல் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. அடிக்கடி ரெஸ்க்யூ குட்டி எடுக்கறதா இருந்தா முன்கூட்டியே போடற ஊசியைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

---

மியாவ்மாமா:

டெட்டால் திருத்தத்துக்கு நன்றி கருவாட்டம்மா.

பால்கனி மேடம், அந்த ரெஸ்க்யூகாரங்ககிட்ட வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்ப்பேச்சு வேண்டாம். டாக்டர் செலவு யாரோடது, ராத்திரி அவசரம்னா எவ்வளவு வரைக்கும் கேக்காம செலவு பண்ணலாம், எந்தத் தேதியில திரும்ப எடுத்துப்பாங்க, தத்து கிடைக்கலேன்னா குட்டிங்க எங்க போகும். கடைசிக் கேள்விக்கு "பார்த்துக்கலாம்"னு பதில் வந்தா, உங்க வீட்ல 5 பூனைன்னு அர்த்தம். தத்து கொடுக்கறது 8 வாரத்துக்கு முன்னாடி கூடாது, ரெண்டையும் ஜோடியாக் கேக்கறவங்களுக்கு முன்னுரிமை. ஜன்னல்ல வலை இருக்கான்னு போட்டோ வாங்குங்க, கருத்தடைக்கு ஒப்புதலும் வாங்குங்க. பெண் குட்டி 4, 5 மாசத்துலயே சினை பிடிச்சிடும்.

வீட்டு ஓனர்கிட்டயும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க பால்கனியில இருக்கறது புறாவுக்கு அடிக்கற நைலான் வலைன்னா குட்டிங்க கடிச்சே ஓட்டை போட்டுடும், அதுங்க அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள ஸ்டீல் வலைக்கு மாத்துங்க.