மூன்று ஏழுகள் சேர்ந்த பிறகு கால் செய்வதா, ரெய்ஸ் செய்வதா?

கேள்வி:
வணக்கம். 1, 2 என்ற பிளைண்டுகளுடன் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் வைக்கும் கட்டாயப் பந்தயம்) ஆடிய வரம்பற்ற டெக்சஸ் ஹோல்டெம் போக்கரில், எதிராளிக்கும் எனக்கும் ஆளுக்கு 200 சில்லுகள் இருந்தன. அவர் 6 சில்லுகளுக்கு உயர்த்தினார். கடைசி இடத்தில் இருந்த நான் ஏழு ஜோடியுடன் கால் செய்தேன் (அதே தொகையை வைத்தேன்). மற்றவர்கள் விலகியதால் பாட்டில் (நடுவில் சேரும் மொத்தப் பந்தயம்) 15 சேர்ந்தது. பிளாப்பில் (தரையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் ஏழு, கிளாவர் நான்கு விழுந்தன. அவர் 10 வைத்தார். ரெய்ஸ் செய்தால் (தொகையை உயர்த்தினால்) விலகிவிடுவாரோ என்று தயங்குகிறேன். கால் மட்டும் செய்வது சரியா?

மறுமொழி 1:
30க்கு ரெய்ஸ் செய்யுங்கள். இப்போது கால் செய்தால் பாட் 35 ஆகும். அதன் பிறகு டர்னில் (நான்காம் பொதுச் சீட்டு) 25, ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) 60 வைத்து இரண்டுக்கும் அவர் இணங்கினாலும், அவரிடம் 99 சில்லுகள் தொடப்படாமலே மிஞ்சும். மாறாக, 30ஐ அவர் ஏற்றால் பாட் 75 ஆகும். டர்னில் 50 வைத்து அதையும் ஏற்றால் 175 ஆகும். மீதமுள்ள 114ஐயும் ரிவரில் இயல்பான ஓர் அளவாகவே வைத்துவிடலாம். மேலும், இரண்டு ஹார்ட்டின் சீட்டுகளை வைத்திருப்பவருக்கு, தரையில் இன்னொரு ஹார்ட்டின் விழுந்து ஒரே வகையில் ஐந்து சேர்ந்து, உங்களை வெல்ல ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அடுத்த சீட்டை அவர் தாமே குறித்த விலைக்குப் பார்க்க ஏன் விட வேண்டும்?

மறுமொழி 2:
விலகிவிடுவாரோ என்ற அச்சத்துக்கு எண்ணிக்கையே விடை தரும். ஏஸும் ராஜாவும் அவரிடம் 12 விதங்களிலும், ஏஸ் ஜோடி 6 விதங்களிலும் அமையலாம். இவற்றை ஒரே ரெய்ஸுக்குக் கீழே வைப்பவர் அரிது. உங்களை முந்தக்கூடிய ராஜா ஜோடியோ 3 விதங்களில்தான் அமையும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. என் கையில் ராஜா ஜோடி இருந்து, இதே பிளாப் வந்திருந்தால்?

மறுமொழி 2:
அப்போது ஒரே ஒரு ராஜாதான் வெளியே இருக்கும். ஏஸும் ராஜாவும் சேரும் விதங்கள் 4ஆகச் சுருங்கிவிடும். பணம் தரக்கூடிய சீட்டுகளை நீங்களே பிடித்திருப்பதால் கால் செய்வதற்கான காரணம் வலுக்கிறது. ஆனாலும் தரையில் இரண்டு ஹார்ட்டின்கள் இருக்கும்வரை நான் ரெய்ஸ் பக்கமே சாய்வேன்.

மறுமொழி 3:
அதே ராஜா ஜோடிக்கு, ராஜா, ஏழு, இரண்டு ஆகியவை மூன்று வேறு வகைகளில் விழுந்து, எதிராளியும் வெறுங்கையுடன் தொடர்ந்து பணம் வைக்கும் பழக்கமுள்ளவராக இருந்தால், நான் தயங்காமல் கால் செய்வேன்; அங்கே ரெய்ஸ் செய்வது அவருடைய பிளஃபை நாமே நிறுத்துவதாகிவிடும். எதற்கும் கால் செய்துகொண்டே வருபவரிடம் மட்டும், எந்தப் பிளாப்பாக இருந்தாலும் உயர்த்திவிடுங்கள்.