கறிவேப்பிலை இலவசமா, இல்லையா?

மாம்பலவாசி:
“பத்து நிமிடத்தில் செயலி காய்கறியைக் கொண்டுவந்து தரும் காலத்தில், தெருமுனைக் கடையின் தனிக் கவனிப்பு என்பது பழங்கதை” என்று கணக்கன் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலடைந்தேன். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமற்போனபின், எங்கள் தெருவினருக்கு நோட்டில் பற்றெழுதி அரிசி பருப்பு தந்தவர் எந்தச் செயலி? எங்கள் அண்ணாச்சிதான். இன்றும் காய் வாங்கினால், கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் பைக்குள் வைக்கிறார்.

கணக்கன்:
கறிவேப்பிலை இலவசமன்று. அதன் விலை கத்தரிக்காயின் விலையில் ஏறியிருக்கிறது. கோயம்பேட்டில் அவருக்கு யாரும் சும்மா தருவதில்லை, ஐயா.

மாம்பலவாசி:
2020 மே மாதத்தில் கோயம்பேடு மூடப்பட்டு, சந்தை திருமழிசைக்குப் போனபோதும் அவர் கொசுறை நிறுத்தவில்லை. என் தாயாருக்குப் பல் இல்லை என்பதறிந்து பிஞ்சு வெண்டைக்காயாகப் பார்த்து எடுத்துவைப்பவரிடம் நான் கணக்குப் பார்ப்பதில்லை. உங்கள் புனைபெயருக்கேற்ப நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கன்:
அந்த மாதம் தக்காளியை என்ன விலைக்கு விற்றார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள். செயலியும் கொசுறு தருகிறது: ஒரு மும்பைத் தாய் கொத்தமல்லிக்குக் காசு கொடுப்பதா என்று அதிர்ந்ததை அவர் மகன் எழுதப்போய், பிளிங்கிட் 2024இல் காய்கறியோடு அதை இலவசமாகச் சேர்த்தது.

மாம்பலவாசி:
ஆக, அண்ணாச்சி காலங்காலமாகச் செய்துவருவதைப் பார்த்துக் காப்பியடிக்க அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு ஒரு தாயின் கோபம் தேவைப்பட்டிருக்கிறது. என் தரப்புக்குச் சான்று தந்தமைக்கு நன்றி.

அடுக்களை:
எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெற வேண்டும் என்பது சட்டம். எங்கள் தெருக் கடையில் அந்த முத்திரையை நான் கண்டதேயில்லை. ஒரு கிலோ என்று வாங்கிய தக்காளி வீட்டில் தொள்ளாயிரம் கிராம்தான் நின்றது. கறிவேப்பிலை அந்த நூறு கிராமிலிருந்துதான் வருகிறது போலும்.

மாம்பலவாசி:
உங்கள் தெருக் கடைக்கு எங்கள் அண்ணாச்சி எப்படிப் பொறுப்பாவார்? காப்பித்தூள் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் இடையில் புகுந்து திசைதிருப்பினீர்கள்.

அடுக்களை:
அந்த விவாதத்தில் சிக்கரியை ஆதரித்தவர் யார் என்பதை இங்கே சொல்ல வேண்டுமா?

தென்காசிக்காரன்:
என் தந்தை கடை வைத்திருந்தவர். கறிவேப்பிலைக் கட்டு வாங்கிய அன்றே அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுவார்; ஆனால் அதற்காகக் காயின் விலையை ஏற்றியதில்லை.

கணக்கன்:
செலவுக் கணக்கு! கடைக்காரர் மகனே ஒப்புக்கொண்டார்.

மாம்பலவாசி:
விலையை ஏற்றியதில்லை என்று அவர் எழுதியது உங்கள் கண்ணில் படவில்லையா?

தென்காசிக்காரன்:
நான் எவர் பக்கமும் பேசவில்லை. மேலும் ‘கொசுறு’ தெலுங்கின் ‘கொசரு’.

மாம்பலவாசி:
சொல் எங்கிருந்து வந்தாலும் கறிவேப்பிலை அண்ணாச்சியின் கையிலிருந்துதான் வருகிறது. இன்று மாலை கடைக்குப் போகிறேன்; அதற்கு விலை உண்டா என்று அவரிடமே கேட்டுவிடுகிறேன்.

கணக்கன்:
அப்படியே கத்தரிக்காயின் விலையையும் கேளுங்கள்.