புதுப்பிப்பு: கடுங்குளிரில் பிடிக்காத என்ஜின், காரணம் சிக்கியது

மைனஸ் 20-க்குக் கீழே போனால் காலையில் என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது, ஒருமுறை சூடாகிவிட்டால் தொல்லையே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பேட்டரியைப் பாருங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். நியாயமான சந்தேகம்தான், குளிரில் பேட்டரியின் தெம்பு வெகுவாகக் குறையும். ஆனால் ஸ்டார்ட்டர் (என்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) சுற்றும்போதும் பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. சரி, கோளாறு பேட்டரியில் இல்லை.

இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியில், என்ஜினைக் கிளப்பாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி, வண்டியின் சென்சார்கள் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். உள்ளிழுக்கும் காற்று மைனஸ் 22 என்றது. கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரோ பிளஸ் 38 என்று சாதித்தது! முழுக்க ஆறிய வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, கூடுதலாகத் தெளித்தால்தான் பற்றும். என்ஜின் சூடாக இருப்பதாக நம்பிய ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கஞ்சத்தனமாகத் தெளித்திருக்கிறது. 38 என்பது நம்பக்கூடிய எண் என்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

சென்சாரைக் கழற்றி (கூலன்ட் கொஞ்சம் வழியும்) ஐஸ் தண்ணீரிலும் வெந்நீரிலும் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். குளிரில் ஏற வேண்டிய மின்தடை அசையவே இல்லை. புதியது போட்டாயிற்று, இப்போது முதல் திருப்பிலேயே பிடிக்கிறது.