பொருள்: ‘என்டர்பிரைஸ் கன்டென்ட் மேனேஜ்மென்ட்’ – தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

குன்னூர் மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய் காலை):

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இங்கே சில தேயிலைத் தொழிற்சாலைகள் சேர்ந்து தங்கள் தாள்களையெல்லாம் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவருகின்றன. அலுவலக ஊழியர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். இப்படி எல்லாத் தாள்களையும் சேர்த்து நிர்வகிப்பதற்கு என்டர்பிரைஸ் கன்டென்ட் மேனேஜ்மென்ட் என்று பெயர், சுருக்கமாக ஈசிஎம். கடைசி அத்தியாயம் அதன் எதிர்காலம் பற்றியது. அது வேறு.

‘நிறுவன உள்ளடக்க மேலாண்மை’ என்று போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் திரையில் அதற்கான பொத்தானில் 20 எழுத்துக்கு மேல் கொள்ளாது. நம் இலக்கணப்படி அந்தத் தொடர் 14 எழுத்துதான். மென்பொருளோ கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி, இடைவெளியோடு 24 என்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், தொழிற்சாலையில் கணக்கு எழுதும் அக்காவிடம் இதைக் காட்டியபோது வந்தது. “உள்ளடக்கம்னா புஸ்தகத்துல மொதப் பக்கத்துல போடுவாங்களே, அதுங்களா?” என்றார்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தேன். பச்சைத் தேயிலை எடைச் சீட்டுக் கட்டுகள், ஏல விற்பனைக் கணக்கு, பி.எஃப். படிவங்கள், லாரி பில்கள், இலை கொடுக்கும் விவசாயிகளின் ஆதார் நகல், பாஸ்புக் நகல். மழைக்கால ஈரத்தில் எடைச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் ஒன்றின் ஊதா மை அடுத்ததில் இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. குண்டூசி குத்திய இடமெல்லாம் துரு. இது போதாதென்று இப்போது பாதி வாட்ஸாப்பில் படமாக வருகிறதாம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டும்.

கோத்தகிரி புலவர்:

அன்புள்ள அம்மையாருக்கு, ‘உள்ளடக்கம்’ என்பது பெட்டிக்குள் அடைத்ததைச் சொல்லும் சொல். ‘உள்ளுறை’ என்று எழுதுங்கள். உறைதல் என்றால் தங்குதல், வாழ்தல். தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்று சொல்லும்போது, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாமல் பாட்டுக்குள் தங்கியிருக்கும் பொருளையே குறிக்கிறார். ஒரு எடைச் சீட்டிலும் அப்படித்தானே? எண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் ஒருநாள் உழைப்பு உறைகிறது. உள்ளுறையாட்சி. ஒரே சொல். உங்கள் பொத்தானிலும் அடங்கும்.

கூடலூர் நிரலர்:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். பழைய பதிப்புகளில் முதல் பக்கப் பட்டியலுக்கு ‘உள்ளுறை’ என்றுதான் தலைப்பே போட்டிருப்பார்கள். அந்த அக்கா மறுபடியும் அதே பக்கத்தைத்தான் புரட்டுவார்.

இன்னொரு விஷயம். இதில் என்டர்பிரைஸ் என்பது கம்பெனியைக் குறிக்கவில்லை. கணக்குப் பிரிவு தன் ஃபைலை, விற்பனைப் பிரிவு தன் ஃபைலை என்று தனித்தனியாகப் பூட்டிக்கொள்ளாமல், முழு அமைப்புக்கும் பொதுவாக வைப்பது என்ற பொருளில்தான் அந்தச் சொல் முன்னால் நிற்கிறது. ‘நிறுவன’ என்று போட்டால் அது வராது. கூட்டுறவு ஆலை தன்னைச் சங்கம் என்றுதான் சொல்லிக்கொள்ளும், அதையும் பாருங்கள்.

கோத்தகிரி புலவர்:

தம்பி சொல்வது சரி. அப்படியானால் ‘அளாவிய’. உலகளாவிய என்பதுபோல நிறுவனமளாவிய. ஆனால் அளாவுதலின் பழம்பொருள் கலத்தல், கையால் துழாவுதல். ‘சிறுகை அளாவிய கூழ்’ என்ற 64-ஆம் குறளை நினைத்துக்கொள்ளுங்கள். வானளாவிய என்னும்போது எட்டித் தொடுதல். ஒரே வேர் இரண்டு திசையில் கிளைத்திருக்கிறது. துழாவு, அளவளாவு, அளை (தயிரளைதல்), அளறு (சேறு) ஆகியவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்…

(இதற்குப் பிறகு வரும் பகுதியைத் தனி இழையாக அனுப்புகிறேன்.)

கூடலூர் நிரலர்:

நான் பார்த்த ஆபீஸ்களில் ஃபைல்கள் இருக்கும் நிலைக்குச் ‘சிறுகை அளாவிய கூழ்’ மிகப் பொருத்தம் ஐயா. அமிழ்தினும் இனிது என்பதுதான் இடிக்கிறது.

உதகை, ஓய்வுபெற்ற ரிக்கார்டு கிளார்க்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. மருமகன் விளக்கியதை வைத்துச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். இது தாலுகா ஆபீஸில் நாங்கள் காலமெல்லாம் செய்த வேலைதானே? தபால் வந்தால் பகிர்மானப் பதிவேடு. அங்கிருந்து அந்தந்த எழுத்தரின் தன்பதிவேடு. ஒரு ந.க. எண், அதாவது கோப்பு எண். குறிப்பு ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம். முடிந்தபின் எந்த டிஸ்போசல் என்று போட்டு ரிக்கார்டு ரூமுக்கு வரும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். 10 வருடம், கே.டிஸ். 3 வருடம், எல்.டிஸ். 1 வருடம். காலம் முடிந்ததும் பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்து வாங்கி அழித்துவிடுவோம்.

வெளியாள் பார்த்தால் நாங்கள் ஏதோ காவல் காக்கிறோம் என்று நினைப்பார்கள். காப்பது பாதி வேலைதான். எதை எப்போது வெளியேற்றுவது என்பதுதான் மீதி. இந்த ஊர் ஈரத்துக்கு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் ஆர்.டிஸ். கட்டுக்கும் சேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். காப்பகம், பெட்டகம், களஞ்சியம் என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதில் அழிப்பது வரவில்லை.

கூடலூர் நிரலர்:

ஐயா, தப்பே இல்லை. எதை எவ்வளவு காலம் வைப்பது என்பதை எங்கள் மீட்டிங்கில் ரிடென்ஷன் ஷெட்யூல் என்று மணிக்கணக்காகப் பேசுவதை நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். இப்போது இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2023-இல் வந்த எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய நோக்கம் முடிந்ததும் தனிநபர் தரவை அழிக்கச் சொல்கிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால்தான் விதிவிலக்கு. தாளாக வாங்கியதைப் பிறகு எண்ணிம வடிவுக்கு மாற்றினாலும் பொருந்தும். அக்காவின் அலமாரியில் இருக்கும் ஆதார் நகல்களை ஸ்கேன் செய்த அன்றே அவை அதற்குள் வந்துவிடும்.

சரி, ஒரு குண்டைப் போடுகிறேன். ஈசிஎம் என்ற பெயரையே அதை உருவாக்கியவர்கள் கைவிட்டாயிற்று. ஏஐஐஎம் என்ற அமைப்பு 2000-ஐ ஒட்டி அதைப் பரப்பியது. எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொண்டுவந்து குவிப்பது அன்றைய கனவு. யாரும் அப்படிக் கொண்டுவந்து போடவில்லை. மின்னஞ்சல் மின்னஞ்சலிலேயே கிடந்தது, பில் டேலி என்ற கணக்கு மென்பொருளிலேயே கிடந்தது. 2017-இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் ஈசிஎம் முடிந்தது, இனி கன்டென்ட் சர்வீசஸ் என்று அறிவித்தது. இருப்பது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தேடுதல், அனுமதி, காலக்கெடு ஆகியவை மட்டும் பொதுவாக அதன்மேல் ஓடட்டும் என்பதுதான் கருத்து. செத்த பெயருக்கு நாம் ஏன் பிள்ளைப்பேறு பார்க்கிறோம்?

குன்னூர் மொழிபெயர்ப்பாளர்:

ஏனென்றால் கையேட்டில் அந்தப் பெயர்தான் இருக்கிறது, தம்பி. வெள்ளிக்கிழமையும் வந்துகொண்டிருக்கிறது. புலவர் ஐயா, தனி இழை கிடைத்தது, நன்றி. ‘அளறு’வரை படித்துவிட்டேன்.

கொடைக்கானல் ஆசிரியை:

இந்தத் தலைப்பு என் வகுப்புக்கும் வருகிறது, அதனால் குறுக்கிடுகிறேன். 2024 மே 7 முதல் நம் இரண்டு மலைக்கும் இ-பாஸ் வந்ததே, அதற்கு யாராவது தமிழ் தேடினோமா? பழக்கடைக்காரரிலிருந்து டாக்ஸி ஓட்டுநர்வரை எல்லோருக்கும் அது இ-பாஸ். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்றால் ‘கன்டென்ட்’ என்றே போட்டுவிட்டு, செய்கிற வேலையைத் தமிழில் விளக்கலாம்.

கோத்தகிரி புலவர்:

அப்படியானால் இந்தக் குழு எதற்கு, டீச்சர்? கணினி, மென்பொருள், இணையம் எல்லாம் வந்த புதிதில் சிரித்தவர்கள்தான் அதிகம். இன்று உங்கள் மாணவன் வாயில் அவை தானாக வருகின்றன. இ-பாஸ் வாங்குகிறவன் இரண்டு நாளில் இறங்கிப் போய்விடுவான். அலுவலகத்தில் இருப்பவள் வாழ்நாள் முழுக்கச் சொல்ல வேண்டிய சொல் இது. சோழர் காலத்திலேயே வரிப்பொத்தகம், புரவுவரித் திணைக்களம், திருமந்திர ஓலைநாயகம் என்று தாளுக்கும் ஆளுக்கும் பெயர் இருந்தது.

கூடலூர் நிரலர்:

பொத்தானில் ‘ஓலைநாயகம்’! கேலிக்குச் சொல்லவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

குன்னூர் மொழிபெயர்ப்பாளர்:

எழுத்தர் ஐயாவின் விளக்கம் என்னை ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஆவணம் + ஆட்சி என்று போனால் என்ன? ‘ஆவணாட்சி’.

கோத்தகிரி புலவர்:

அது வடமொழிப் புணர்ச்சி. மரம் + அடி மரவடி ஆவதுபோல, ஆவணம் + ஆட்சி நன்னூல்படி ஆவணவாட்சி.

கொடைக்கானல் ஆசிரியை:

‘ஆவண வாட்சி’ என்று பிரித்துப் படித்துவிட்டு, வாட்சி என்றால் என்ன மிஸ் என்று கேட்பார்கள்.

கோத்தகிரி புலவர்:

கேட்டால் புணர்ச்சி விதியைச் சொல்லிக்கொடுங்கள். அதுதானே பள்ளி?

ஆவணம் பற்றி ஒரு சொல். பழைய இலக்கியத்தில் அது கடைத்தெரு. கடையில் விற்றதற்கு எழுதிக்கொடுத்ததால் ஓலைக்கும் அப்பெயர் வந்திருக்கும் என்பது என் எண்ணம். விலையாவணம், ஆவணக்களரி என்று கல்வெட்டிலும் வருகிறது. ஏல மையம் இருக்கும் குன்னூருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? கடைத்தெரு என்பது ஆபணம் என்ற வடசொல்லின் திரிபு என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு என் பதிலைப் பின்னிணைப்பில்…

உதகை, ஓய்வுபெற்ற ரிக்கார்டு கிளார்க்:

ஆவணம் என்றதும் சுந்தரர் கதை ஞாபகம் வருகிறது. கல்யாண நாளில் கிழவர் வந்து நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார், இவர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், காட்சி மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். அதை எழுதியவர் சுந்தரரின் பாட்டனார் என்பதால், அவர் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு. நகலைக் கையில் கொடு, மூலத்தை உள்ளே வை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் இதைத்தான் முதலில் சொன்னார்.

கூடலூர் நிரலர்:

ஐயா, உங்களை என் டீமில் சேர்த்துக்கொள்கிறேன். கடைசி அத்தியாயத்தின் எதிர்காலம் இங்கேதான் இருக்கிறது. இப்போது இந்தத் தாள்களின் மேல் ஏஐ-யை உட்கார வைக்கிறார்கள். “போன மார்கழியில் இந்த விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன விலை கொடுத்தோம்?” என்று கேட்டால் அதுவே தேடிச் சொல்லும். அந்த மாதத்துக்கு வரைவு, திருத்தியது, கையெழுத்தானது என்று மூன்று விலைத்தாள் கிடந்தால் எதைச் சொல்லும்? மூல ஓலை எது என்று யாராவது குறித்து வைத்திருந்தால் ஒழிய, மூன்றில் எதையாவது எடுத்துத் தயங்காமல் சொல்லிவிடும். மேலாளர் மட்டும் பார்க்க வேண்டிய சம்பளத் தாளையும் அனுமதி சரியாக இல்லாவிட்டால் யார் கேட்டாலும் படித்துக் காட்டும். எல்.டிஸ். போட்டு அழித்திருக்க வேண்டிய குப்பை அழியாமல் கிடந்தால் அதிலிருந்தும் பதில் வரும். முன்பு யாரும் திறந்து பார்க்காததால் குப்பை சும்மா கிடந்தது. இனி அது வாய் திறந்து பேசும்.

கொடைக்கானல் ஆசிரியை:

எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். எவர்ஷெட் 1909-இல் சூரியப்புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்ததும் அங்கேதான். பழைய தகடுகளையெல்லாம் எண்ணிம வடிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கருவி என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்தத் தகடு ஒரு வெள்ளை வட்டம், அவ்வளவுதான். ஆகவே இந்தக் குறிப்புகளுக்கும், அதாவது மெட்டாடேட்டாவுக்கும், இப்போதே ஒரு சொல் முடிவு செய்துவிடுங்கள்.

கோத்தகிரி புலவர்:

மீத்தரவு. ஒற்று மிகும்.

கூடலூர் நிரலர்:

எங்கள் மென்பொருளில் ‘மீதரவு’ என்று ஏற்கெனவே போய்விட்டது. ஒற்று மிகுவதற்கு அடுத்த பதிப்பு வர வேண்டும்.

குன்னூர் மொழிபெயர்ப்பாளர் (வெள்ளி மதியம்):

அனைவருக்கும் நன்றி. அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் ஒரே ஒருமுறை ‘நிறுவனமளாவிய உள்ளடக்க மேலாண்மை’, பக்கத்திலேயே ஈசிஎம். அதற்குப் பிறகு கையேடு முழுக்கவும் பொத்தானிலும் ‘ஆவண ஆளுகை’. புணர்த்தாமல் இடைவெளி விட்டே எழுதினேன், புலவர் ஐயா கோபிக்க வேண்டாம். வாட்ஸாப் படம் ஆவணமா என்று கேட்டால், ஒருநாள் தகராறு வந்து அதை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தால் அது ஆவணம்தான். எழுத்தர் ஐயா சொன்ன நான்கு டிஸ்போசலையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிட்டேன். மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததற்கு வாடிக்கையாளர் என்ன சொல்வாரோ. அக்காவிடம் ‘ஆவண ஆளுகை’யைக் காட்டினேன். “பத்திர ஆபீஸ் மாதிரி இருக்குதுங்க” என்றார். முன்னைக்கு இது தேவலாம்.

கொடைக்கானல் ஆசிரியை:

எனக்குச் சம்மதம். வகுப்பில் கன்டென்ட் என்றும் சொல்லிக்கொள்வேன்.

உதகை, ஓய்வுபெற்ற ரிக்கார்டு கிளார்க்:

சம்மதம். அழிப்பதும் ஆளுகையில் அடங்கும் என்று எங்காவது ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கூடலூர் நிரலர்:

வேறு வழியில்லாமல் சம்மதம்.

கோத்தகிரி புலவர்:

எனக்குச் சம்மதமில்லை, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். ‘ஆளுகை’யை மின்னாளுகை என்று இ-கவர்னன்ஸுக்கு எடுத்துக்கொண்டாயிற்று. நாளை இதே வாடிக்கையாளர் இன்ஃபர்மேஷன் கவர்னன்ஸ் என்று இன்னொரு கையேட்டோடு வருவார். அப்போது அதற்கு என்ன போடுவீர்கள், அம்மா?