மழைக் காலத்தில் யூரியா: வாய்க்கால் பச்சையாகிறது, என்ன செய்யலாம்?

வெண்டைத்தோட்டம்:
பினாங்கில் நிபோங் திபால் பக்கம் வெண்டை, கங்கோங் கீரை போட்டிருக்கிறேன், பின்னால் கொஞ்சம் செம்பனை. கோழி எரு, யூரியா இரண்டும் போடுகிறேன். பக்கத்து வாய்க்காலில் பாசி கட்டுகிறது, அந்தத் தண்ணீர் கிரியான் ஆற்றுக்குத்தான் போகிறது. வீட்டுக் கிணறும் தோட்டத்தை ஒட்டியே இருக்கிறது, வீட்டில் கைக்குழந்தை வேறு. யூரியாவைப் பாதியாகக் குறைத்தால் போதுமா, விளைச்சல் விழுந்துவிடுமா?

செம்பனைக்காரர்:
தம்பி, கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்காதீர்கள். முதலில் கோழி எருவில் இருக்கும் நைட்ரஜனையும் கணக்கில் சேருங்கள், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அது மண்ணில் அம்மோனியமாகி, அப்புறம் நைட்ரேட்டாக மாறும். அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரேட்டைப் பிடிக்காது, பெரிய மழை பெய்தால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை கொட்டும்போது மூட்டை மூட்டையாகப் போடுவது காசையே வாய்க்காலில் விடுகிற வேலை. கங்கோங் விதைத்தவுடன் மொத்தமாகப் போட்டால் வேர் எடுத்துக்கொள்ளத் தயாராகவே இருக்காது, அதனால் சிறுகச் சிறுகப் பிரித்துப் போடுங்கள். யூரியாவை மண்ணோடு கிளறி மூடிவிடுங்கள், மேலே கிடந்தால் அம்மோனியா வாயுவாகப் போய்விடும். செம்பனைக்கு, வெட்டிய மட்டையை அடுக்கியிருக்கும் பக்கம் போடுங்கள், அங்கேதான் தண்ணீர் ஓடாமல் மண்ணில் இறங்கும்.

பட்டவொர்த் அக்கா:
எனக்குக் கிணறுதான் கவலையாக இருக்கிறது. நைட்ரேட் கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதிகமானால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும், உடம்பு நீலம் பாரிக்கும். கிணற்றுத் தண்ணீரை லேபில் சோதித்து முடிவு வரும்வரை பால்மாவைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் கலக்குங்கள், தம்பி. பாசிக்கு நைட்ரஜன் மட்டும் காரணமில்லை, கோழி எருவில் பாஸ்பரஸ் நிறைய. எருக் குவியலை மூடி, வாய்க்காலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

வெண்டைத்தோட்டம்:
நன்றி அக்கா, தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கிறேன். வாய்க்கால் ஓரம் வரை வெண்டை நட்டிருக்கிறேனே, அண்ணே?

செம்பனைக்காரர்:
ஓரத்து வரிசையை எடுத்துவிட்டுப் புல் வளர விடுங்கள், வழிந்து வரும் மண்ணும் எருவும் அங்கேயே தங்கும். வடக்கே மூடா ஆற்றுப் பக்கம் நெல் போடுகிறவர்களும் யூரியா தூவிய கையோடு வயல் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது, ஆற்றில் அம்மோனியா ஏறினால் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினும் கூடுதலாகச் சேர்க்க வேண்டிவரும்.