ஒரு டியூப் அடைப்பு: காத்திருக்கலாமா, நேராக ஐ.வி.எஃப். போகலாமா?

கொருக்குப்பேட்டை மருமகள்:
வயசு 29. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கருக்குழாயில் மருந்து விட்டுப் படம் எடுக்கும் டியூப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் வலது பக்கம் அடைப்பு, இடது பக்கம் மருந்து நன்றாக இறங்குகிறது என்று இருக்கிறது. தனியார் கிளினிக்கில் படத்தைப் பார்த்த கையோடு ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப் குழந்தை) பேக்கேஜ் தாளை நீட்டினார்கள். ஓரகத்தியோ ‘ஒண்ணு திறந்திருந்தா போதும், சும்மா இரு’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பெரம்பூர் பாமா:
ஓரகத்தி சொல்வதுதான் சரி. குழாயின் நுனி அசைந்து கொடுக்கும். வலது சினைப்பையில் வெடித்த முட்டையை இடது குழாய் வாங்கிக்கொள்வதும் உண்டு. அதனால் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் வாய்ப்பு என்ற கணக்கை நம்பாதீர்கள். அப்புறம், டெஸ்ட் எடுக்கும்போது குழாய் இறுகிக்கொண்டாலும் படத்தில் அடைப்பு மாதிரிதான் தெரியும். 1978இல் இங்கிலாந்தில் முதல் ஐ.வி.எஃப். குழந்தையைப் பெற்ற அம்மாவுக்குக் குழாய் அடைப்பால் இயற்கையாகக் கரு நிற்க வழியே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காக வந்த வைத்தியம் அது. உங்களுக்குத்தான் ஒரு பக்கம் திறந்திருக்கிறதே.

ஸ்கேன் சுந்தரி:
பாமா அக்கா, அடைப்பு எந்த இடத்தில், எதனால் என்று கேட்காமலே சும்மா இரு என்கிறீர்களே! கர்ப்பப்பை ஓரத்தில் என்றால் நீங்கள் சொல்லும் இறுக்கமாக இருக்கலாம். நுனியில் அடைத்து நீர் கோத்திருந்தால் கதையே வேறு. ரிப்போர்ட்டில் ‘ஹைட்ரோசால்பிங்ஸ்’ என்று போட்டிருப்பார்கள். அந்த நீர் கர்ப்பப்பைக்குள் வடிந்தால், நல்ல குழாய் வழியாக வரும் கருவும் ஒட்டச் சிரமப்படும். ஐ.வி.எஃப்.க்கு முன்பே அந்தக் குழாயை எடுத்துவிடுவதோ கிளிப் போடுவதோ அதனால்தான். நம் ஊரில் டி.பி.யும் ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமல் கருக்குழாயில் மட்டும் இருந்து கெடுக்கும்.

காசிமேடு காளி:
எங்கள் சித்தி விளக்கெண்ணெய் ஒத்தடம் கொடுத்தே அடைப்பு போனது என்பார்.

ஸ்கேன் சுந்தரி:
அண்ணா, தழும்பாகி ஒட்டிப்போன குழாய் வயிற்றின் மேல் தடவுகிற எண்ணெயில் திறக்காது. சித்திக்கு அடைப்பே இருந்திருக்காது.

பெரம்பூர் பாமா:
எண்ணெயை விடுங்கள். குழாயைப் பார்க்கணும், எடுக்கணும் என்று எல்லாரையும் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்வது) மேசையில் படுக்க வைக்கணுமா? மயக்க மருந்து கொடுத்துச் செய்வது அது. முட்டை வளர்வதைக் காட்டும் ஃபாலிகுலர் ஸ்கேன் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் முயலட்டும்.

வண்ணாரப்பேட்டை வனிதா:
முயலட்டும், ஆனால் ஒரு விஷயம். என் நாத்தனாருக்கும் ஒரு பக்கம்தான் அடைப்பு. நாள் தள்ளிப்போனதும் வீட்டில் பாயசம் வைத்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, தோள்பட்டையில் குத்தல். வாயு என்று மாமியார் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மயங்கிவிட்டாள்; கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம். குழாய் கெட்டவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். டெஸ்ட் பாசிட்டிவ் வந்ததும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆறாவது வாரம் போல ஸ்கேனில் கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ராத்திரி வலி வந்து கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டும் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

கொருக்குப்பேட்டை மருமகள்:
பயமாக இருக்கிறது அக்கா. ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன், ‘கார்னுவல்’ என்று இருக்கிறது. நீர் பற்றி எதுவும் இல்லை. இவர் இன்னும் எந்த டெஸ்டும் எடுக்கவில்லை. கேட்டால் ‘எனக்கென்ன குறை’ என்கிறார்.

ஸ்கேன் சுந்தரி:
கார்னுவல் என்றால் கர்ப்பப்பை ஓரம்தான், கொஞ்சம் நிம்மதி. ஆனால் விந்து டெஸ்ட் கூட எடுக்காமல் பேக்கேஜ் தாள் நீட்டினார்களா? அந்த கிளினிக்கை விட்டுவிட்டு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு இன்னொரு கருத்துக் கேளுங்கள். டி.பி. பற்றியும் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஆறு மாதம் முயலலாம். பாமா அக்கா சொல்லும் ஒரு வருஷம் வேண்டாம், ஏற்கனவே இரண்டு போய்விட்டது.

பெரம்பூர் பாமா:
29 வயசுக்கு ஒரு வருஷம் தப்பில்லை. 35 தாண்டியிருந்தால் நானே அவசரப்படுத்தியிருப்பேன்.

காசிமேடு காளி:
தங்கச்சி, வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: விந்து டெஸ்டுக்கு ஊசி கிடையாது, கத்தி கிடையாது, ஒரு டப்பாவில் விந்து கொடுப்பதோடு முடிந்தது. கடைசியாக விந்து வெளியானதிலிருந்து 2 நாளுக்குக் குறையாமல், 7 நாளுக்கு மேல் போகாமல் இடைவெளி விட்டுத்தான் கொடுக்கணும்.